அழுதால் மட்டும் போதுமா?
மறைந்த கலைஞர்களை நாம் நினைவுகூர்வது எப்படி?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய நினைவஞ்சலிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூலி உயர்வுக்கும் போனஸுக்கும் பஞ்சப்படிக்கும் இந்த மேடையில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். இன்று சினிமாக்காரர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "சங்க மேடையில் சினிமாப் பேச்சா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். முகம் சுளித்தவர்களில் நாமும் உண்டு. அந்தக் கதையிலிருந்தே தொடங்குவோம்.

2023 டிசம்பர் 28ந் தேதி. காலை ஷிப்டு நடந்து கொண்டிருந்தது. நடிகர் விஜயகாந்த் சென்னையில் காலமானார் என்ற செய்தி வந்தது. மத்தியானத்துக்குள் நம் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வேன் பிடித்து விட்டார்கள். ஆளுக்கு ஐநூறு ரூபாய் வசூல். இரண்டு நாள் கூலி போச்சு. மறுநாள் சென்னைத் தீவுத் திடலில் ஜன சமுத்திரத்தில் நின்று முகம் பார்த்து, கோயம்பேட்டில் அடக்கம் முடிந்த பிறகுதான் திரும்பினார்கள்.

திரும்பி வந்தவர்களை நாம் எப்படி வரவேற்றோம்? "ஒரு நடிகனுக்காக இரண்டு நாள் கூலியை விடுகிறீர்கள். போன மாதம் ஆர்ப்பாட்டத்துக்குக் கூப்பிட்டால் அரை நாள் லீவு கிடைக்கவில்லை என்றீர்களே!" என்று கடிந்து கொண்டோம். பையன்கள் தலைகுனிந்து நின்றார்கள். கூட வந்திருந்த வயதான சுமைத் தொழிலாளி ஒருவர் மட்டும் பதில் சொன்னார்:

"தோழர், கோபப்படாதீங்க. அந்த மனுசன் தான் சாப்பிட்ட சாப்பாட்டையே லைட் தூக்குறவனுக்கும் போட்டாரு. நம்ம மில்லு கேண்டீன்ல ஆபீஸர் சாப்பிடற இடத்துல நம்மள உக்கார விடுவாங்களா? அதுக்குத்தான் போனோம். அவரு சண்டை போட்டதுக்காகப் போகலை."

நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் இன்றைய கூட்டத்துக்குக் காரணம்.

சோற்றிலே தெரியும் சமத்துவம்

சினிமா எடுக்கும் இடத்தில் சாப்பாடு எப்படிப் பரிமாறப்பட்டு வந்தது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நடிகருக்கு ஒரு சாப்பாடு. டைரக்டருக்கும் காமிராக்காரருக்கும் ஒரு சாப்பாடு. விளக்குத் தூக்குகிறவர், செட் போடுகிறவர், கூட்டத்தில் நிற்கிற துணை நடிகர் ஆகியோருக்கு ஒரு பொட்டலம். ஒரே வெயிலில் வேலை, ஒரே மணியில் பசி. ஆனால் இலையில் மட்டும் மூன்று ஜாதி! பண்ணையார் வீட்டில் களத்து மேட்டில் ஒரு சோறும் கூடத்தில் ஒரு சோறும் போட்ட வழக்கம் ஸ்டூடியோவுக்குள்ளும் நுழைந்திருந்தது.

விஜயகாந்த் இந்த வழக்கத்தை உடைத்தார். தான் சாப்பிடும் அதே சாப்பாடு, அதே கறி, அதே குழம்பு எல்லோருக்கும் என்று வைத்தார். சினிமாத் தொழிலாளர்கள் இதை ஒருவர் விடாமல் சொல்லுகிறார்கள். 150க்கு மேற்பட்ட படங்களில் அவர் எத்தனையோ பேரை அடித்து வீழ்த்தினார். அவையெல்லாம் சினிமா அடி. ஆனால் சாப்பாட்டு ஏற்பாட்டில் கொடுத்த அடி நிஜ அடி.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது? அவர் 1952ல் மதுரைப் பக்கம் பிறந்தவர். தகப்பனார் அரிசி ஆலை வைத்திருந்தார்; மகன் அந்த ஆலையில் வேலை பார்த்தவர். நெல் மூட்டை தூக்குகிறவனுக்கு எவ்வளவு பசிக்கும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். சினிமாவுக்கு வந்தபோது கருத்த நிறத்தைச் சொல்லித் தள்ளியவர்கள் உண்டு. நம் வீட்டுப் பையனின் நிறம் அது. 1981ல் 'சட்டம் ஒரு இருட்டறை' வந்தது. அதே ஆண்டில் 'சிவப்பு மல்லி' வந்தது. ஆதிக்கக்காரர்களை எதிர்த்து எழும் உழைக்கும் இளைஞனாக அவர் திரையில் நின்றபோது தரை டிக்கெட்டில் இருந்தவன் தன்னையே அங்கே பார்த்தான்.

1986ல் திரைப்படக் கல்லூரியில் படித்து வந்த இளைஞர்கள் 'ஊமை விழிகள்' எடுக்க வந்தார்கள். அனுபவமில்லாதவர்கள் என்று தட்டிக் கழிக்காமல் கூட நின்றார். நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது, சங்கத்தின் தலைமேல் இருந்த கடனை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கலைவிழா நடத்தித் தீர்த்தார். கடன்பட்ட சங்கத்தை மீட்பது எவ்வளவு பாடு என்பது நம்மைப் போன்ற சங்கக்காரர்களுக்குத்தானே தெரியும்!

அவருடைய அரசியலைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லி விடுவோம். 2005ல் கட்சி தொடங்கினார். 2011லும் 2016லும் இடதுசாரிகளோடு ஒரே அணியில் நின்றார். 2019ல் அவர் கட்சி எதிர்ப்பக்கம் போய் நின்றது. அந்தப் பாதையை நாம் ஒப்பவில்லை. அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. ஆனால் ஒரு மனிதனின் அரசியலோடு மாறுபடுவது வேறு. அவன் செய்த நல்ல காரியத்தைக் காணாமல் கண்ணை மூடிக் கொள்வது வேறு. தொழிலாளி கண்ணை மூடவில்லை. நாம்தான் மூடிக் கொண்டிருந்தோம்.

கண்ணீரிலிருந்து கண்ணுக்கு

சரி, அன்பு நியாயமானது. அந்த அன்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் கேள்வி.

பக்கத்துக் கன்னட நாட்டைப் பாருங்கள். நடிகர் ராஜ்குமார் 2006 ஏப்ரல் 12ந் தேதி காலமானார். கன்னட மக்கள் அவரைத் தங்கள் குலதெய்வம் போல வைத்திருந்தவர்கள். துக்கம் கட்டுக்கடங்காமல் போயிற்று. பெங்களூரில் கலவரம் மூண்டது. பஸ்கள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது. மனித உயிர்கள் போயின. செத்தவர்கள் யார்? பெரிய பெரிய தயாரிப்பாளர்களா? கொட்டகை முதலாளிகளா? தெருவில் நின்ற ஏழை ஜனங்கள்.

அதே குடும்பத்தில் 2021 அக்டோபர் 29ந் தேதி மற்றொரு துக்கம். ராஜ்குமாரின் இளைய மகன் புனீத் ராஜ்குமார் 46வது வயதில் மாரடைப்பால் திடீரென்று இறந்தார். பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். இந்தத் தடவையும் துக்கம் பெரிது. துக்கம் தாங்காமல் சிலர் உயிர் விட்டதாகவும் செய்திகள் வந்தன. அதை நினைத்தால் மனம் பதறுகிறது. ஆனாலும் 2006ல் நடந்த கலவரம் 2021ல் நடக்கவில்லை.

வேறொன்று நடந்தது. தகப்பனாரின் கண்கள் தானமாகக் கொடுக்கப்பட்டது போலவே மகனின் கண்களும் கொடுக்கப்பட்டன. இரண்டு கண்களால் எத்தனை பேருக்குப் பார்வை வரும்? இரண்டு பேருக்கு என்போம். டாக்டர்கள் கருவிழியின் மேல் அடுக்கையும் உள் அடுக்கையும் தனித்தனியாகப் பிரித்து நான்கு பேருக்குப் பொருத்தினார்கள். நான்கு பேர் வெளிச்சம் பார்த்தார்கள். இதைக் கேட்ட ரசிகர்கள் கூட்டம் கூட்டமாகக் கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். இறந்தவர்களின் குடும்பத்தார் தாங்களாகவே கண் வங்கியைக் கூப்பிட்டார்கள். வெறும் காகிதமாக நிற்காமல் கர்நாடகத்தில் கண்தானம் உண்மையிலேயே பெருகியது.

தோழர்களே, இது சாதாரண விஷயமல்ல. பதினைந்து ஆண்டு இடைவெளியில் ஒரே ஊர், ஒரே குடும்பம், அதே ரசிகர்கள். ஒரு தடவை பஸ் எரிந்தது. மறுதடவை குருடருக்குப் பார்வை வந்தது. ஜனங்கள் மாறவில்லையா? மாறினார்கள். வழி காட்டினால் மாறுவார்கள். ரசிகன் மூடன் என்று பேசுகிற படித்தவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும்.

நம் தமிழ்நாட்டிலும் உதாரணம் இல்லாமல் இல்லை. நகைச்சுவை நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 17ந் தேதி காலமானார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1957ல் மறைந்தார். சிரிக்க வைத்துக் கொண்டே சிந்திக்கவும் வைத்த அவருடைய வழியில் வந்ததால் இவரைச் சின்னக் கலைவாணர் என்றார்கள். மூடநம்பிக்கையையும் லஞ்சத்தையும் ஜாதி வெறியையும் கேலி செய்தார். அத்தோடு நிற்காமல், அப்துல் கலாம் கேட்டுக் கொண்டபடி ஒரு கோடி மரக்கன்று நடுவது என்று கிளம்பினார். 33 லட்சத்துக்கு மேல் நட்டு முடித்தபோது மூச்சு நின்று விட்டது. அவர் இறந்த அன்று ரசிகர்கள் என்ன செய்தார்கள்? ஊர் ஊராக மரக்கன்று நட்டார்கள். நம் யூனியன் ஆபீஸ் வாசலில் நிற்கிற வேம்பும் அந்த வாரம் நம் பையன்கள் நட்டதுதான். இன்று அதன் நிழலில்தான் சைக்கிளை நிறுத்துகிறோம்.

இரண்டு ரூபாய் கொடுத்த படமுதலாளிகள்

இனி, உங்களில் பலர் பெயர் கேட்டிராத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு மன்றமும் இல்லை, கட்அவுட்டும் இல்லை. ஆனால் விவசாயத் தொழிலாளியும் நெசவாளியும் மறக்கக் கூடாத மனிதர். அவர்தான் டைரக்டர் சியாம் பெனகல். 2024 டிசம்பர் 14ந் தேதி அவருக்கு 90 வயது நிறைந்தது. ஒன்பதாம் நாள், 23ந் தேதி, பம்பாயில் காலமானார்.

அவர் ஹைதராபாத் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். நிஜாம் ஆட்சியும் தேஷ்முக்குகளின் கொடுமையும் நிறைந்த பூமி அது. 1946 முதல் 1951 வரை தெலங்கானா விவசாயிகள் ஆயுதம் ஏந்திப் போராடிய பூமி. அந்த மண்ணின் கதைகளைத்தான் அவர் முதலில் எடுத்தார்.

1974ல் வந்த 'அங்கூர்' படத்தில் ஒரு பண்ணையார் மகன். அவன் வீட்டில் வேலை செய்யும் லட்சுமி. அவளுடைய ஊமைப் புருஷன் கிஷ்டய்யா. அந்த ஊமை மனிதனைப் பண்ணையார் மகன் சாட்டையால் அடிக்கிறான். வாய் பேச முடியாதவன் எப்படி எதிர்ப்பான்? லட்சுமி வாய் திறந்து சாபமிடுகிறாள். கடைசியில் பக்கத்தில் நின்ற ஒரு சிறு பையன் ஒரு கல்லை எடுத்துப் பண்ணையார் வீட்டுக் கண்ணாடி ஜன்னலில் வீசிவிட்டு ஓடுகிறான். அத்தோடு படம் முடிகிறது. 'அங்கூர்' என்றால் முளை. எந்த முளை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாணிப்பாலும் சவுக்கடியும் பார்த்த தஞ்சை ஜில்லாவின் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லின் கனம் தெரியும்.

ஆனால் நாம் விரிவாகச் சொல்ல வந்தது 1976ல் வந்த 'மந்தன்' படத்தைப் பற்றி. மந்தன் என்றால் கடைதல். குஜராத்தில் பால் கறக்கும் ஏழை விவசாயிகளின் கதை. தனியார் பால் வியாபாரி ஒருவன் அடிமாட்டு விலைக்குப் பாலை வாங்கிக் கொழுக்கிறான். கிராமத்துக்கு வரும் ஒரு கால்நடை டாக்டர் கூட்டுறவுச் சங்கம் அமைக்கச் சொல்லுகிறார். சங்கம் வந்தால் யார் தலைவர்? ஊர்ப் பெரியதனக்காரரா? தாழ்த்தப்பட்டவன் பாலும் மேல்ஜாதிக்காரன் பாலும் ஒரே பாத்திரத்தில் சேருமா? ஒரே வரிசையில் நிற்பார்களா? பாலைக் கடைந்தால் வெண்ணெய் வரும். ஊரைக் கடைந்தால் உள்ளே கிடக்கும் ஜாதியும் சுரண்டலும் மேலே வரும். இதைத்தான் படம் காட்டுகிறது. டாக்டர் கடைசியில் ஊரை விட்டுப் போக நேர்கிறது. சங்கம் போகவில்லை. ஊர்க்காரர்களே எடுத்து நடத்தத் தொடங்குகிறார்கள். தலைவன் போனால் சங்கம் போய்விடும் என்று நினைக்கிறவர்களுக்கு இது பாடம்.

கதை இருக்கட்டும். இந்தப் படத்துக்குப் பணம் போட்டவர் யார் தெரியுமா? செட்டுமில்லை, சேட்டுமில்லை. குஜராத் பால் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த 5 லட்சம் விவசாயிகள். ஆளுக்கு இரண்டே ரூபாய். ஒரு நாள் பால் ஊற்றிய காசில் இரண்டு ரூபாயை விட்டுக் கொடுத்தார்கள். 5 லட்சம் பேருக்கு ஆளுக்கு 2 ரூபாய் என்றால் 10 லட்சம் ரூபாய். படம் தயாராகி விட்டது! இந்தப் படத்தை வழங்குகிறவர்கள் குஜராத்தின் 5 லட்சம் விவசாயிகள் என்று திரையில் முதலிலேயே எழுத்து வந்தது.

படம் வெளிவந்ததும் அந்த விவசாயிகள் லாரி லாரியாக வந்து பார்த்தார்கள். யார் படம்? அவர்கள் படம். அவர்களே முதலாளி, அவர்களே ரசிகர், கதாநாயகனும் அவர்களே. பிறகு கிராமம் கிராமமாகப் படத்தை எடுத்துச் சென்று காட்டினார்கள். பார்த்த ஊர்களில் புதிய பால் சங்கங்கள் பிறக்க அது உதவியது. 48 ஆண்டு கழித்து, 2024ல், அதே படத்தைப் புதுப்பித்து பிரான்ஸ் தேசத்துக் கான் நகரத்துப் படவிழாவில் காட்டினார்கள். இரண்டு ரூபாய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்!

அத்தோடு விடவில்லை அவர். 1987ல் 'சுஸ்மன்' என்று ஒரு படம் எடுத்தார். போச்சம்பள்ளி கைத்தறி நெசவாளியின் பாடு அதில் இருக்கிறது. அதற்கும் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் கைகொடுத்தன. கேரளத்தில் டைரக்டர் ஜான் ஆபிரகாமும் அவருடைய தோழர்களும் ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் காசு திரட்டி 1986ல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தவரும் இவர்தான். ஆகவே, சினிமா என்றால் கோடீஸ்வரன் காலடியில் விழுந்துதான் எடுக்க வேண்டும் என்பது பொய்.

இங்கே நம் தம்பிமார்களிடம் ஒரு கணக்குக் கேட்போம். கோபித்துக் கொள்ளாதீர்கள். புதுப்படம் வந்தால் கட்அவுட்டுக்கு எத்தனை லிட்டர் பால் ஊற்றுகிறீர்கள்? அந்தப் பாலைக் கறந்தவள் யார்? விடிகாலை எழுந்து, மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டு, தன் குழந்தைக்கு ஒரு தம்ளர் கூட எடுத்து வைக்காமல் சொசைட்டியில் ஊற்றிய உன் அம்மா. குஜராத் விவசாயி பாலை விற்றுப் படம் எடுத்தான். நாம் படத்தின் மேல் பாலை ஊற்றுகிறோம். இரண்டில் எது மரியாதை என்று நீங்களே சொல்லுங்கள்.

மார்ச் 14ல் மறைந்த டைரக்டர்

நம் வீட்டுப் பிள்ளை ஒருவரையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். டைரக்டர் எஸ்.பி. ஜனநாதன் தஞ்சை ஜில்லாக்காரர். 2021 மார்ச் 14ந் தேதி காலமானார். 1883ல் கார்ல் மார்க்ஸ் கண்மூடியதும் இதே மார்ச் 14. மார்க்ஸைத் தன் ஆசானாகச் சொல்லி வந்த ஒருவர் அதே தேதியில் போனது தற்செயல்தான். ஆனாலும் தோழர்கள் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

எத்தனை படம் எடுத்தார்? பதினெட்டு ஆண்டில் ஐந்தே படம். 2003ல் 'இயற்கை'; அதற்குத் தேசிய விருது. 2006ல் 'ஈ'. மருந்துக் கம்பெனிகள் குடிசைப் பகுதி ஏழைகளைச் சோதனை எலியாக்கும் கொடுமையைச் சொன்னார். 2009ல் 'பேராண்மை'. ஒரு பழங்குடி இளைஞன் வன இலாகா அதிகாரியாக வந்து, கேலி செய்யும் மாணவிகளுக்கு அரசியல் பொருளாதாரம் நடத்துகிறான். சங்கத்தில் நாம் வகுப்பு வைத்தால் இருபது பேர் வருவது கஷ்டம். அவரோ கொட்டகையில் ஆயிரம் பேருக்கு வகுப்பு எடுத்து விட்டார்! 2015ல் 'புறம்போக்கு என்கிற பொதுவுடமை'. தூக்குக் கயிற்றின் முன் நிற்கும் பொதுவுடமைவாதியும், அந்தக் கயிற்றை இழுக்க வேண்டிய ஏழைத் தொழிலாளியும் எதிரெதிரே நிற்கும் கதை. கடைசியாக 'லாபம்'. விவசாயி விளைவிக்கும் பொருளின் லாபம் யாருக்குப் போகிறது என்று கேட்கும் படம். அதன் எடிட்டிங் வேலை நடந்த நாட்களில்தான் அவர் நினைவிழந்து விழுந்தார். 2021 செப்டம்பரில் படம் வெளிவந்தபோது எடுத்தவர் இல்லை.

குறை சொல்ல வேண்டுமானால் சொல்லலாம். அவர் படங்களில் பிரசங்கம் சற்று அதிகம் என்றவர்கள் உண்டு. பிரசங்கம் அதிகம் என்ற குற்றச்சாட்டு நமக்கும் உண்டு; ஆகவே அதை விட்டு விடுவோம்! ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அவர் உயிரோடு இருந்தபோது அந்த ஐந்து படங்களை நம் சங்கத்தில் ஒரு தடவையாவது போட்டுப் பார்த்தோமா? இல்லை. செத்த பிறகு போஸ்டர் ஒட்டினோம். இது நம்முடைய தவறு. சபையறிய ஒப்புக் கொள்கிறோம்.

பெயர் தெரியாத பிணங்கள்

தோழர்களே, இப்போது கசப்பான விஷயத்துக்கு வருவோம்.

நடிகர் செத்தால் டெலிவிஷனில் நாளெல்லாம் அதே செய்தி. சவப்பெட்டிக்கு முன்னே காமிரா. கண்ணீர் விடும் மனைவி முகத்துக்கு நேரே மைக். நடுநடுவே சோப்பு விளம்பரம், நகைக்கடை விளம்பரம். நம் துக்கத்தையும் சரக்காக்கி விற்கிறார்கள். நாம் அழ அழ அவர்களுக்குக் காசு.

ஆனால் 2020 பிப்ரவரி 19ந் தேதி இரவு சென்னைக்கு அருகே படப்பிடிப்பில் என்ன நடந்தது? பெரிய கிரேன் சாய்ந்து விழுந்து மூன்று பேர் நசுங்கிச் செத்தார்கள். பலர் காயமடைந்தார்கள். 2025 ஜூலை 13ந் தேதி நாகப்பட்டினம் ஜில்லாவில், கார் பாய்ந்து உருளும் சண்டைக் காட்சியில் ஒரு ஸ்டண்ட் தொழிலாளி உயிர் விட்டார். நாயகன் பறக்கிறான் என்று நாம் விசிலடிக்கிறோம். பறந்தவன் வேறொருவன், விழுந்தவனும் அவன்தான். அவர்களுக்கு எத்தனை பேர் வேன் பிடித்துப் போனோம்? எந்த மன்றம் கொடியை அரைக் கம்பத்தில் இறக்கியது?

நம் ஆலையில் பெல்ட்டில் கை மாட்டி இழந்தவர் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். பூச்சி மருந்து அடித்து மயங்கி விழுந்தவர் உட்கார்ந்திருக்கிறார். கிரேன் விழுந்து செத்தவர் நமக்கு அன்னியரா? சினிமா என்பது கனவு என்கிறார்கள். அது ஒரு தொழிற்சாலையும்தான். அங்கே ஷிப்டு உண்டு, பேட்டா உண்டு, கூலி பாக்கி உண்டு, விபத்து உண்டு. சங்கமும் உண்டு. வங்காளத்திலிருந்து வந்த காமிரா மேதை நிமாய் கோஷும், இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும் சென்னை ஸ்டூடியோக்களில் அந்தச் சங்கத்தைக் கட்ட உழைத்தவர்கள். அந்த நிமாய் கோஷ் டைரக்ட் செய்து, சீனிவாசன் இசையமைத்து 1960ல் வந்த 'பாதை தெரியுது பார்' ஆலைத் தொழிலாளியின் படம். பாட்டுக்கு மெட்டுப் போட்டவரே பாட்டுக்காரர்களுக்குச் சங்கம் கட்டினார். நம் தாத்தாமார் அந்தப் படத்தைக் கண்ணீரோடு பார்த்தார்கள். பேரன்மாருக்குப் பெயரும் தெரியாது.

ஆகவே செய்ய வேண்டியது என்ன?

சுமைத் தொழிலாளித் தோழர் நமக்குச் சொன்ன பாடத்தை வைத்து, நிர்வாகக் குழுவில் இரண்டு இரவு பேசி, நான்கு விஷயங்களை உங்கள் முன் வைக்கிறோம். கட்டளையல்ல. நீங்கள் விவாதித்து முடிவு செய்யுங்கள்.

முதலாவது: மாதம் ஒரு சனிக்கிழமை இரவு நம் யூனியன் ஆபீஸ் மாடியில் மறைந்த கலைஞர் ஒருவரின் படத்தைப் போட்டுப் பார்ப்போம். முதல் படம் 'மந்தன்'. பாஷை புரியாது என்று பயப்பட வேண்டாம். நடுநடுவே நிறுத்தித் தமிழில் விளக்கம் சொல்ல ஏற்பாடு செய்கிறோம். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். பால் கறக்கிறவர்கள் அவர்கள்தானே! பார்த்து முடித்ததும் அரை மணி நேரம் பேசுவோம்.

இரண்டாவது: கண்தானம். படிவங்கள் இந்த மேஜையில் இருக்கின்றன. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்ல வேண்டும். முகம் விகாரமாகி விடும் என்பது வீண் பயம், அப்படி ஆகாது. கண்ணாடி போட்டவரும் கொடுக்கலாம். புரை ஆபரேஷன் செய்து கொண்டவரும் கொடுக்கலாம். இன்னொன்று: நாம் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, வீட்டில் சொல்லி வைக்க வேண்டும். போன் செய்யப் போகிறவர்கள் அவர்கள்தான்.

மூன்றாவது: மன்றத் தம்பிமார்களே, உங்கள் அபிமான நடிகரின் படம் வைக்கும் அதே பலகையில் வேலை செய்யும்போது உயிரிழந்த சினிமாத் தொழிலாளிகளுக்கும் ஓர் இடம் கொடுங்கள். பாதுகாப்பில்லாத படப்பிடிப்பு வேண்டாம் என்று உங்கள் நடிகருக்கு நீங்களே எழுதுங்கள். நாம் எழுதினால் படிப்பாரோ என்னவோ, ரசிகன் எழுதினால் படித்துத்தானே ஆக வேண்டும்!

நான்காவது: சாப்பாடு. ஆலைக் கேண்டீனில் ஆபீஸருக்கு ஒரு சோறு, தொழிலாளிக்கு ஒரு சோறு என்பதை எடுக்க வேண்டும் என்று அடுத்த கோரிக்கை மனுவில் சேர்க்கிறோம். கேட்கிற நாம் முதலில் சரியாக இருக்க வேண்டாமா? போன மாநாட்டில் வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர்களுக்குத் தனி அறையில் தனிச் சமையல் பரிமாறினோம். தொண்டர்களுக்குப் பந்தலில் சாம்பார் சாதம். ஒருவரும் கேட்கவில்லை. இனி அப்படி நடக்காது. ஒரு நடிகர் ஸ்டூடியோவில் செய்து காட்டியதைத் தொழிலாளர் சங்கம் தன் பந்தலில் செய்யாவிட்டால் நாம் சமத்துவம் பேசுவதில் அர்த்தமே இல்லை.

தோழர்களே! கலைஞன் செத்தால் அழுவது தவறில்லை. நாள் முழுதும் இரைச்சலிலும் பஞ்சுத் தூசியிலும் நின்றவனுக்கு, சேற்றில் குனிந்து நிமிர்ந்தவளுக்கு, மூன்று மணி நேரம் மனதை இலேசாக்கியவர்கள் அவர்கள். அந்த நன்றி நம் ஜனங்களிடம் இருக்கிறது. நன்றியுள்ள ஜனங்கள்தான் போராடவும் செய்வார்கள். வேனில் போன பையன்களிடம் அன்று கடுமையாகப் பேசியதற்கு இந்த மேடையிலேயே வருத்தம் தெரிவித்துக் கொள்கிறோம்.

அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை வேன் பிடிக்கும்போது எங்களுக்கும் ஓர் இடம் வையுங்கள். ஆர்ப்பாட்டத்துக்கு நாங்கள் வேன் பிடிக்கும்போது நீங்களும் வாருங்கள்.

இப்போது எல்லோரும் எழுந்து நின்று, மறைந்த கலைஞர்களுக்கும் பெயர் தெரியாமல் போன சினிமாத் தொழிலாளர்களுக்கும் சேர்த்து ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்துவோம். அதன் பிறகு வெளியே பந்தலில் சாப்பாடு இருக்கிறது. பேச்சாளர்களும் உங்களோடு அதே பந்தியில்தான் உட்காருகிறோம்.